கருவிக்கு முன்னே கேள்வி: ஆய்வகத்திற்குரிய பகுப்பாய்வுக் கருவியைத் தேர்ந்துகொள்ளும் முறை

புதிய ஆய்வகம் ஒன்றை அமைக்கக் கூடுவோர் பெரும்பாலும் முதலில் எழுப்பும் வினா, எந்தக் கருவியை வாங்கலாம் என்பதே. விலைப்பட்டியல்கள் வந்து சேர்கின்றன. ஒரு கருவியின் நுண்மையை மற்றொன்றின் விரைவோடு ஒப்பிடும் அட்டவணைகள் மேசையை நிரப்புகின்றன. அந்த ஆய்வகம் எந்தக் கேள்விக்கு விடை காண அமைக்கப்படுகிறது என்னும் வினா பல வேளைகளில் இறுதியில்தான் வருகிறது. சில வேளைகளில் வருவதே இல்லை. இந்த வரிசை மாறவேண்டும் என்பதை எடுத்துக்காட்டுகளோடு விளக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும். கேள்வியைத் தெளிவாக வகுத்துக்கொண்ட பின்னரே கருவியைத் தேடவேண்டும். கேள்வி தவறாக வகுக்கப்பட்ட இடத்தில், பழுதின்றி இயங்கும் கருவியும் மக்களைக் காக்கத் தவறும். அதற்கு அண்மைக்கால வரலாற்றிலேயே சான்று உண்டு.

மானியும் காட்டியும்

தமிழில் கருவிகளுக்கு நாம் இட்டு வழங்கும் பெயர்களிலேயே தேர்வின் முதற்பாடம் அடங்கியிருக்கிறது. வெப்பமானி, அழுத்தமானி என்பவற்றில் வரும் 'மானி' அளப்பதைக் குறிக்கிறது. திசைகாட்டி, நிறங்காட்டி என்பவற்றில் வரும் 'காட்டி' ஒன்றின் இருப்பை அல்லது நிலையைக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. லிட்மஸ் தாள் நீர்மம் அமிலமா காரமா என்று சொல்லும். எத்துணைச் செறிவுடைய அமிலம் என்று சொல்லாது. நிறமாலைநோக்கி வழியே ஒளியின் கோடுகளைக் காண்கிறோம். நிறமாலைமானி அக்கோடுகளின் செறிவை எண்ணாக்கித் தருகிறது.

ஆய்வாளர் ஒரு மாதிரியிடம் கேட்கக்கூடிய கேள்விகளும் இவ்வாறே பிரிகின்றன. இப்பொருள் இதில் இருக்கிறதா என்பது முதல் வகை. இருப்பது எந்தப் பொருள் என்பது இரண்டாம் வகை. எவ்வளவு இருக்கிறது என்பது மூன்றாம் வகை. சந்தைக்கு வரும் நூறு மாதிரிகளுள் ஐயத்திற்குரியவற்றை மட்டும் பிரித்தெடுக்கவேண்டுமாயின், விரைவாகவும் மலிவாகவும் பணியாற்றும் காட்டியே போதும். அவ்வாறு பிரித்தெடுத்த ஒன்றைச் சட்ட நடவடிக்கைக்குக் கொண்டுசெல்ல, பொருளை ஐயமற அடையாளம் கண்டு அளவையும் கூறும் கருவி வேண்டும். காட்டியைக் கொண்டு தீர்ப்பு வழங்குவதும் பிழை. எல்லா மாதிரிகளையும் விலைமிக்க மானியில் ஏற்றிக் காலத்தைக் கழிப்பதும் பிழை.

நைட்ரஜனை எண்ணிய முறை

1883ஆம் ஆண்டில், டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் வேதியியலாளர் யோகான் கெல்டால், தானியத்தின் புரத அளவை அறிய உதவும் ஒரு முறையை வெளியிட்டார். மாதிரியைச் செறிந்த கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்தால் அதிலுள்ள நைட்ரஜன் அம்மோனிய உப்பாக மாறுகிறது. காரம் சேர்த்துக் காய்ச்சி வடிக்கும்போது அம்மோனியா வெளியேறுகிறது. அதனை அமிலத்தில் பிடித்து, தரம்பார்த்தல் வழியாக அளந்தால் நைட்ரஜனின் அளவு கிடைக்கிறது. அவ்வளவைப் பொதுவாக 6.25 என்னும் எண்ணால், பால் ஆயின் 6.38 என்னும் எண்ணால், பெருக்கிப் புரதத்தின் அளவாகக் கொள்கிறோம்.

இம்முறை நூறாண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. ஆயினும், அது நேரடியாக அளப்பது புரதத்தை அன்று, நைட்ரஜனையே என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். மாதிரியிலுள்ள நைட்ரஜன் ஏறத்தாழ முழுவதும் புரதத்திலிருந்தே வருகிறது என்னும் எடுகோள் அந்தப் பெருக்கலுக்குள் மறைந்திருக்கிறது. வாற்கோதுமையை நேர்மையாக ஆராய்ந்த ஆய்வகத்தில் அவ்வெடுகோள் பொருந்தியது. பாலில் நீர் கலந்து அதனை மறைக்க முனைந்தோரிடம் பொருந்தவில்லை.

மெலமைன் என்பது பிசின் தயாரிப்பில் பயன்படும் வேதிப்பொருள். அதன் எடையில் மூன்றில் இரு பங்கு நைட்ரஜன். எனவே ஒரு கிராம் மெலமைன், கெல்டால் முறையில் ஏறத்தாழ 4.25 கிராம் பாற்புரதமாகக் கணக்கில் ஏறும். ஒரு லிட்டருக்கு 32 கிராம் புரதம் கொண்ட பாலில் கால் லிட்டர் நீர் சேர்த்தால், புரதம் லிட்டருக்கு 25.6 கிராமாகக் குறையும். லிட்டருக்கு ஒன்றரை கிராம் மெலமைனைக் கரைத்துவிட்டால், சோதனைக் கணக்கில் அது மீண்டும் 32 கிராமாகிவிடும். கணக்கு இத்துணை எளிது என்பதே இதன் கொடுமை.

2008ஆம் ஆண்டு சீனாவில் இக்கலப்படம் வெளிப்பட்டபோது, ஏறத்தாழ 300,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தனர். ஆறு குழந்தைகள் இறந்ததாக அந்நாட்டு அரசு அறிவித்தது. பால்மாவு வழியே உடலுக்குள் சென்ற மெலமைன், யூரிக் அமிலத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் கற்களாகப் படிந்தது. அவ்வாண்டு செப்டம்பர் மாதம் சிங்கப்பூரின் வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் சீனப் பால் பொருள்களின் இறக்குமதியையும் விற்பனையையும் நிறுத்திவைத்தது. தொலைவில் நிகழ்ந்த ஒரு கலப்படம் நம் கடைத்தெருவின் அடுக்குகள் வரை எட்டியது.

இங்குக் கருவி பழுதுபடவில்லை. நைட்ரஜன் எவ்வளவு என்ற வினாவிற்கு அது சரியான விடையையே தந்தது. மக்கள் கேட்க விரும்பிய வினாவோ, புரதம் எவ்வளவு என்பது. இவ்விரண்டும் ஒன்றே என்று கருதப்பட்ட இடத்தில்தான் கலப்படத்திற்கு வழி திறந்தது.

பழைய முறைக்குப் பதிலாகப் புதிய கருவியை வாங்கியிருந்தால் இது நேர்ந்திராது என்று சிலர் எண்ணக்கூடும். அதுவும் ஆராயத்தக்கதே. டூமா என்னும் பிரெஞ்சு வேதியியலாளர் வகுத்த எரித்தல் முறையில் இயங்கும் இக்காலத் தானியங்கிக் கருவிகள், பல மணி நேரப் பணியைச் சில நிமிடங்களில் முடிக்கின்றன. கந்தக அமிலமும் தேவையில்லை. எனினும் அவையும் மொத்த நைட்ரஜனையே அளக்கின்றன. மெலமைன் கலந்த பாலை அவற்றில் இட்டால், அதே தவறான முடிவு இன்னும் விரைவாகக் கிடைத்திருக்கும்.

மாறாக, ஓர் எளிய படி பயன் தந்திருக்கும். பாலில் டிரைகுளோரோ அசெட்டிக் அமிலம் சேர்த்தால் புரதம் திரிந்து வீழ்படிவாகும். மெலமைன் போன்ற சிறு மூலக்கூறுகள் கரைசலிலேயே தங்கும். வடிகட்டி, வீழ்படிவில் உள்ள நைட்ரஜனை மட்டும் அளந்தால் உண்மைப் புரதம் தெரியும். வடிநீரில் நைட்ரஜன் வழக்கத்திற்கு மாறாக மிகுந்திருந்தால் ஐயம் எழும். அதற்குத் தேவைப்பட்டவை ஒரு புட்டி அமிலமும், ஒரு வடிதாளும், சரியாகக் கேட்கப்பட்ட ஒரு கேள்வியுமே.

எத்துணைச் சிறிய அளவு?

எதை அளக்கிறோம் என்பது தெளிவானபின், எத்துணைச் சிறிய அளவைக் காணவேண்டும் என்பது அடுத்த வினா. எந்தக் கருவியும் பொருளே இல்லாத வெற்று மாதிரிக்கும் ஒரு சிறு குறிப்பைக் காட்டும். வெற்று மாதிரியைப் பத்து முறை அளந்தால் பத்து விடைகளும் சற்றே வேறுபடும். அந்த இயல்பான அலைவின் திட்டவிலக்கத்தைப் போல் மூன்று மடங்கை எட்டும் குறிப்பைக் கண்டறி எல்லை என்றும், பத்து மடங்கை எட்டும் குறிப்பை அளவிடும் எல்லை என்றும் பொதுவாகக் கொள்கிறோம். முதல் எல்லையில் பொருள் இருக்கிறது என்று சொல்லலாம். இரண்டாம் எல்லைக்கு மேல்தான் இவ்வளவு இருக்கிறது என்று எண்ணைக் கூறலாம்.

குடிநீரில் உள்ள ஈயத்தை எடுத்துக்கொள்வோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். சுடரில் இயங்கும் அணு உறிஞ்சல் நிறமாலைமானி ஈயத்தைக் கண்டறியும் எல்லை லிட்டருக்கு ஏறத்தாழ 10 முதல் 20 மைக்ரோகிராம். ஆகவே, அக்கருவி ஒரு நீர் மாதிரியில் ஈயம் காணப்படவில்லை என்று அறிவித்தால், அந்நீர் பாதுகாப்பானது என்று பொருளாகாது. காணும் ஆற்றல் கருவிக்கு இல்லை என்பதே பொருள். அதே தத்துவத்தில் இயங்கும் கரி உலை வகை, லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமிற்கும் கீழே காணவல்லது. பிளாஸ்மாவில் அணுக்களை மின்னூட்டி, எடை வாரியாகப் பிரித்து எண்ணும் பிளாஸ்மா நிறை நிறமாலைமானி அதனினும் பன்மடங்கு நுண்ணியது. ஈயம் ஒன்றை மட்டும், நாளுக்குச் சில மாதிரிகளில் பார்க்கும் ஆய்வகத்திற்குக் கரி உலை வகையே தகும். இருபது தனிமங்களை நூற்றுக்கணக்கான மாதிரிகளில் பார்ப்போருக்குப் பிளாஸ்மாக் கருவி தகும்.

நுண்மை மிகுந்தால் என்றும் நன்மை என்று கொள்வதற்கில்லை. எண்ணெய்ப்பனைத் தோட்டத்திற்கு வந்த உரத்தில் பொட்டாசியம் எத்தனை விழுக்காடு என்று அறிய விரும்புவோம். பிளாஸ்மா நிறை நிறமாலைமானியில் இடுவதற்கு அம்மாதிரியைப் பல்லாயிரம் மடங்கு நீர்க்கவைக்க வேண்டும். ஒவ்வொரு நீர்ப்பிலும் ஒரு சிறு பிழை சேரும். எளிய சுடர் ஒளிமானி அப்பணியைக் குறைந்த செலவில் செவ்வனே முடிக்கும். பொன் நிறுக்கும் தராசில் நெல் மூட்டையை ஏற்றுவதால் நெல்லின் எடையும் தெரியாது, தராசும் கெடும்.

எதனுள், எந்த வடிவில்?

ஒரே பொருள் தூய நீரில் இருப்பதும் பாலில், மண்ணில், குருதியில், பெலாச்சானில் இருப்பதும் கருவியின் பார்வையில் ஒன்றல்ல. சூழ்ந்திருக்கும் பொருள்கள் குறிப்பை மறைக்கலாம். இல்லாத ஒன்றை இருப்பதாகவும் காட்டலாம்.

இறாலில் ஆர்செனிக் எவ்வளவு என்ற வினாவைப் பிளாஸ்மா நிறை நிறமாலைமானியிடம் கேட்பதாகக் கொள்வோம். அக்கருவி அணுக்களை எடையால் அடையாளம் காண்கிறது. ஆர்செனிக்கின் எடை எண் 75. பிளாஸ்மாவை உண்டாக்கும் ஆர்கான் வளிமத்தின் எடை எண் 40. உப்பிலுள்ள குளோரினின் எடை எண் 35. இவ்விரண்டும் பிளாஸ்மாவில் இணைந்தால் எடை எண் 75 ஆகிறது. உப்பு மிகுந்த கடலுணவில், ஆர்செனிக் குறைவாக இருந்தாலும் மிகுதியாக இருப்பதுபோல் கருவி காட்டக்கூடும். ஆர்செனிக்கிற்கு நிலையான ஓரிடத்தான் ஒன்றே இருப்பதால், வேறோர் எடையைப் பார்த்துத் தப்பவும் வழியில்லை. இதனைத் தவிர்க்க, ஹீலியம் நிரம்பிய மோதல் அறையைக் கடந்து செல்லுமாறு அமைக்கப்பட்ட கருவிகள் உள்ளன. அப்பகுதி உண்டா என்று கேளாமல் வாங்கியவர், கடலுணவு ஆய்வில் இடர்ப்படுவார்.

அவ்விடரை நீக்கிய பின்னரும் ஒரு வினா எஞ்சுகிறது. கடல்வாழ் மீனிலும் இறாலிலும் உள்ள ஆர்செனிக்கின் பெரும்பகுதி, நச்சுத்தன்மை மிகக் குறைந்த ஆர்செனோபீட்டெய்ன் என்னும் கரிமச் சேர்ம வடிவில் உள்ளது. நச்சுத்தன்மை மிக்கது கனிம வடிவமே. மொத்த ஆர்செனிக்கை மட்டும் கூறும் விடை, நல்ல உணவைத் தீயதென்று பழிக்கவும் கூடும். உண்மையில் தீங்கு தருவதை மொத்தக் கணக்கில் மறைக்கவும் கூடும். இங்கு நீர்ம வண்ணப்பிரிகைக் கருவியால் வடிவங்களை முதலில் பிரித்து, அதன் பின்னரே பிளாஸ்மாக் கருவியால் அளக்கவேண்டும். மொத்த நைட்ரஜனைப் புரதமாகக் கொண்டதில் நேர்ந்த பிழையும், மொத்த ஆர்செனிக்கை நஞ்சாகக் கொள்வதில் நேரும் பிழையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை மாணவர்கள் இங்கு உணரலாம்.

வாங்கும் விலையும் வாழ்நாட் செலவும்

கருவியின் விலை, செலவின் தொடக்கமே. பிளாஸ்மாக் கருவி ஒன்று நிமிடத்திற்கு ஏறத்தாழ 15 லிட்டர் ஆர்கானைச் செலவிடுகிறது. பத்துக் கன மீட்டர் வளிமம் கொண்ட உருளையில் இருப்பது 10,000 லிட்டர். அது பதினொரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நாள்தோறும் ஓர் உருளை வாங்க இயலாத ஆய்வகத்தில், அக்கருவி உறையிட்டு மூடப்பட்ட காட்சிப்பொருளாகிவிடும்.

நம் நாட்டுத் தட்பவெப்பமும் ஒரு பொருட்டே. அகச்சிவப்பு நிறமாலைமானிகள் பலவற்றின் ஒளியியல் உறுப்புகள் பொட்டாசியம் புரோமைடால் ஆனவை. அவ்வுப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி மங்கிப்போகும் இயல்புடையது. ஆண்டு முழுதும் ஈரப்பதம் மிகுந்த மலேசியாவிலும் சிங்கப்பூரிலும், மாலையில் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு வீடு திரும்பும் வழக்கம் அத்தகைய கருவியின் ஆயுளைக் குறைக்கும். ஈரம் தாங்கும் உறுப்புகளைக் கேட்டுப் பெறவேண்டும். அன்றேல் அறையின் ஈரத்தை இரவிலும் கட்டுப்படுத்த வேண்டும்.

அவ்வாறே, கருவியை இயக்குபவர் யார், அவர் விலகினால் அடுத்தவர் யார், பழுது பார்ப்பவர் எத்தனை நாளில் வருவார், உதிரி உறுப்புகள் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பனவும் தேர்வின் பகுதிகளே. ஆண்டிற்கு இருபது மாதிரிகளே உள்ளன எனில், தகுதிச் சான்று பெற்ற வேறோர் ஆய்வகத்திற்கு அவற்றை அனுப்புவதும் நல்ல தேர்வே. வாங்காமல் இருப்பதும் ஒரு முடிவு என்பதை மறத்தலாகாது.

வாங்குவதென்று முடிவானால், ஒரு தாளில் ஐந்து விடைகளை எழுதிக்கொள்ளலாம். எந்தப் பொருளை, எந்த வடிவில் அறிய விரும்புகிறோம்? அது எதனுள் கலந்திருக்கிறது? எத்துணைச் சிறிய அளவைக் காணவேண்டும்? விடை தவறினால் விளையும் கேடு என்ன? எத்தனை மாதிரிகளை, யார், எத்தனை ஆண்டுகளுக்கு ஆராயப்போகின்றனர்? அத்தாளோடு நம் சொந்த மாதிரிகளையும் விற்பனையாளரிடம் அளித்து, நம் கண்முன்னே அளந்து காட்டுமாறு கேட்கவேண்டும். அவற்றுள் ஒன்று வெற்று மாதிரியாகவும், மற்றொன்று நாமே அறிந்த அளவு பொருளைச் சேர்த்த மாதிரியாகவும் இருக்கட்டும். வெற்று மாதிரியில் எதுவும் இல்லை என்று சொல்லி, சேர்த்த அளவைத் திருப்பிக் காட்டும் கருவியே நம் பணிக்குத் தகுந்தது. விற்பனையாளர் கொணரும் தூய கரைசலில் எந்தக் கருவியும் சிறப்பாகத்தான் இயங்கும்.

பள்ளி ஆய்வகத்தில்

இவை பெரிய ஆய்வகங்களுக்கு மட்டும் உரிய செய்திகள் என்று ஆசிரியர்கள் கருதவேண்டுவதில்லை. இடைநிலைப் பள்ளி மாணவர்கள் பழச்சாற்றில் உள்ள வைட்டமின் சியை அயோடின் கரைசலால் தரம்பார்ப்பதுண்டு. மாவுப்பொருள் கரைசல் நீலமாக மாறும் கணத்தில் கணக்கை முடிக்கின்றனர். இங்கும் அயோடின் வைட்டமின் சியைத் தனியே அறிந்துகொள்வதில்லை. தன்னை ஒடுக்கும் எந்தப் பொருளோடும் அது வினைபுரியும்.

சந்தையில் வாங்கிய எலுமிச்சையையோ கலமன்சியையோ வகுப்பிலேயே பிழிந்து ஆராய்ந்தால், இம்முறை ஏற்புடைய விடை தரும். புட்டியில் அடைத்து விற்கும் சாற்றில் கெடாமல் காக்கும் பொருளாகச் சல்பைட்டு சேர்க்கப்பட்டிருந்தால், அதுவும் அயோடினை ஒடுக்கி வைட்டமின் சியாகக் கணக்கில் ஏறும். புட்டிச் சாறு புதுச் சாற்றைவிடச் சத்து மிக்கது என்னும் முடிவோடு மாணவர் திரும்பக்கூடும். சிறிதளவு சல்பைட்டை மட்டும் நீரில் கரைத்துத் தரம்பார்த்துக் காட்டினால், வைட்டமினே இல்லாத நீரும் அயோடினை ஏற்பதை அவர்கள் கண்ணாரக் காண்பர். அதன்பின் புட்டியின் மேலுள்ள பொருட்பட்டியலைப் படித்துவிட்டுச் சோதனையைத் தொடங்கும் வழக்கம் தானே வரும். கலமன்சிக்குப் பொருந்திய முறை புட்டிச் சாற்றிற்குப் பொருந்தாமற் போவதை ஒரே பாடவேளையில் உணர்த்த இயலும். அதற்கு விலைமிக்க கருவி எதுவும் வேண்டியதில்லை.

ஆகவே, மாணவர் தம் ஆய்வுத் திட்டத்தை எழுதும்போது கருவிகளின் பட்டியலுக்கு முன்னர் இரண்டு வரிகளை எழுதப் பழக்குவோம். நான் அறிய விரும்புவது எது என்பது முதல் வரி. இம்முறை உண்மையில் அளப்பது எது என்பது இரண்டாம் வரி. இரண்டும் ஒன்றாயின் சோதனையைத் தொடங்கலாம். வேறாயின், அவ்விடைவெளியை எவ்வாறு அடைப்பது என்று முதலில் சிந்திக்கவேண்டும். நாளை அம்மாணவர்களுள் ஒருவர் உணவுச் சோதனைக் கூடத்தில் அமர்ந்து, ஒரு குழந்தை அருந்தப்போகும் பாலுக்குச் சான்றொப்பம் இடக்கூடும். அந்த இரண்டு வரிகளை எழுதும் பழக்கம் அன்று அவருக்குத் துணைநிற்கும்.